காது வைத்தியரின் மகன்: ஒஸ்கார் வைல்டின் இறுதி நோய்

1900ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி பிற்பகல், பாரிஸ் நகரில் செய்ன் நதியின் இடது கரையிலுள்ள ஒடுங்கிய தெருவொன்றில், அல்சாஸ் என்ற மலிவான விடுதியின் அறையில் 46 வயதான ஒருவர் உயிர் நீத்தார். விடுதியில் அவர் கொடுத்திருந்த பெயர் செபஸ்தியன் மெல்மொத். அது பொய்ப் பெயர். சொந்தப் பெயர் ஒஸ்கார் வைல்ட். 1895இன் தொடக்கத்தில் லண்டனின் இரண்டு பெரிய அரங்குகளில் ஒரே நேரத்தில் அவருடைய நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கும்போது விடுதிக் கணக்கைத் தீர்க்கவும் அவரிடம் காசு இல்லை.

அவரைக் கொன்றது மூளைக்காய்ச்சல். மருத்துவத் தமிழில் மூளையுறை அழற்சி. வைத்தியசாலைகளில் நாம் கேட்டிருக்கும் பெயர் மெனிஞ்சைட்டிஸ். அந்த நோய் அவருக்கு எதனால் வந்தது என்ற வாதம் அவர் இறந்து நூறு ஆண்டுகள் சென்ற பிறகும் ஓயவில்லை. ஒழுக்கக்கேட்டினால் வந்த நோய் என்றார்கள் சிலர். குடியினால் வந்தது என்றார்கள் வேறு சிலர். கட்டிலருகே நின்ற வைத்தியர்கள் எழுதிவைத்த காரணமோ மிகச் சாதாரணமானது: வலது காதில் நெடுநாளாக வடிந்த சீழ்.

அவருடைய வாழ்க்கையை அந்தக் காதின் வழியாகவே இங்கே சொல்ல விரும்புகிறோம். அந்நிய மண்ணில் ஒருவர் இறந்தால் ஊர் ஒரு காரணம் சொல்லும், வைத்தியர் இன்னொரு காரணம் சொல்வார். இது எங்கள் வீடுகளுக்கும் புதிய விடயமல்ல.

டப்ளின் வீடு

ஒஸ்கார் வைல்ட் 1854 ஒக்டோபர் 16ஆம் திகதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் வைல்ட் கண், காது நோய்களுக்கான சத்திரசிகிச்சை நிபுணர். 1844இல் ஏழைகளுக்காக அவர் தொடங்கிய வைத்தியசாலை பின்னர் புனித மார்க் வைத்தியசாலை என்ற பெயரில் புகழ்பெற்றது. 1853இல், ஒஸ்கார் பிறப்பதற்கு முந்திய ஆண்டு, காது நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அக்காலத்தில் காது வைத்தியம் அரைகுறை வைத்தியர்களின் கையில் கிடந்தது. அதை ஒழுங்கான மருத்துவத் துறையாக்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின்மேல் கீறிச் சீழை வெளியேற்றும் முறை இன்றும் மருத்துவ வரலாற்றில் அவருடைய பெயரால் வழங்குகிறது.

அந்த நூலில் அவர் கொடுத்த எச்சரிக்கை ஒன்று முக்கியமானது. காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருக்கும் வரை, அது எப்போது, எங்கே, எப்படி முடியும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். வலி இல்லை, சும்மா வடிகிறது என்று விட்டுவிடும் காது ஒருநாள் உயிரைக் கேட்கலாம் என்பதை அந்த வைத்தியர் நன்றாக அறிந்திருந்தார்.

வில்லியம் வைல்டுக்கு இன்னொரு பணியும் இருந்தது. அயர்லாந்தின் குடிசனக் கணக்கெடுப்பில் மருத்துவ ஆணையாளராக அவர் வேலை செய்தார். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கிய பின் வந்த பெரும் பஞ்சத்தில் அந்தச் சிறிய நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் பத்து லட்சம் பேரளவில் கப்பலேறிப் போனார்கள். 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மரண அட்டவணைகளைத் தொகுத்தவர் அவர்தான். யார் எந்த நோயால் இறந்தார், யார் பட்டினியால் இறந்தார் என்பதை ஊர் ஊராக எழுதிவைக்க வேண்டியிருந்தது. இறந்தவர்களை எண்ணுவதும், இறப்பின் காரணத்தைச் சரியாக எழுதுவதும் எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த உழைப்புக்காகவே 1864இல் அவருக்கு சேர் பட்டம் கிடைத்தது.

தாய் ஜேன் வைல்ட் கவிஞர். பஞ்ச காலத்தில் ஸ்பெரான்சா என்ற புனைபெயரில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக தேசியவாதப் பத்திரிகை ஒன்றில் எழுதியவர். வீட்டில் எழுத்தாளர்களும் அறிஞர்களும் கூடுவார்கள்; பிள்ளைகளும் அந்தப் பேச்சுகளைக் கேட்டே வளர்ந்தார்கள். 1867இல் ஒஸ்காரின் தங்கை ஐசோலா, பத்து வயது நிறையுமுன், காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அவளுடைய கூந்தல் இழையை ஒரு உறையில் இட்டு, தான் சாகும்வரை அவர் பாதுகாத்து வைத்திருந்தார்.

ஏற்றமும் வீழ்ச்சியும்

டப்ளின் திரித்துவக் கல்லூரியிலும் பின்னர் ஒக்ஸ்போர்ட்டிலும் அவர் படித்தார். ஒக்ஸ்போர்ட்டில் இருந்தபோது, 1876இல், தந்தை இறந்தார். காது நோயைப் பற்றி அதிகம் தெரிந்தவர் குடும்பத்தில் இனி இல்லை. படிப்பு முடிந்து லண்டனுக்கு வந்தவர் தன் பேச்சாலும் எழுத்தாலும் நகரத்தைக் கவர்ந்தார். 1884இல் கொன்ஸ்டன்ஸ் லொயிட்டைத் திருமணம் செய்தார். சிரில், விவியன் என்று இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோதுதான், 1888இல், 'மகிழ்ச்சியான இளவரசன்' முதலான கதைகள் அடங்கிய நூல் வெளிவந்தது. 1891இல் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நூலாயிற்று. அதன்பின் நான்கு ஆண்டுகளில் அவருடைய நாடகங்கள் லண்டன் மேடைகளைப் பிடித்துக்கொண்டன.

1895 பெப்ரவரி 14ஆம் திகதி அவருடைய மிகச் சிறந்த நகைச்சுவை நாடகம் அரங்கேறியது. நூறு நாட்கள் கழிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அல்பிரட் டக்ளஸ் என்ற இளைஞரோடு அவருக்கிருந்த உறவைக் காரணம் காட்டி, அந்த இளைஞரின் தந்தை குயின்ஸ்பெரிப் பிரபு அவரை இழிவுபடுத்தி எழுதினார். வைல்ட் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு தோற்று, வழக்காடியவர்மீதே குற்றச்சாட்டாகத் திரும்பியது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவர் கைதானார். அதே பேரரசு 1883இல் இலங்கைக்கு எழுதிக்கொடுத்த தண்டனைச் சட்டக்கோவையிலும் இதையொத்த பிரிவு இருந்தது. 1895 மே 25ஆம் திகதி, கடின உழைப்போடு கூடிய இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது.

சிறையில் காது

அன்றைய ஆங்கிலேயச் சிறையின் கடின உழைப்பு உடலை முறிப்பதற்கென்றே அமைந்தது. பலகைப் படுக்கை, உடலுக்குப் போதாத சாப்பாடு, பழைய தார்க் கயிற்றை விரலால் பிரித்து நாராக்கும் வேலை, பேசக்கூடாது என்ற விதி. வயிற்றோட்டமும் தூக்கமின்மையும் அவரை மெலிய வைத்தன. வாண்ட்ஸ்வொர்த் சிறையில் இருந்தபோது, உடல்நலமில்லாத நிலையில் சிறைத் தேவாலயத்தில் மயங்கி விழுந்து வலது காதில் அடிபட்டதாக அவர் பின்னர் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். அதன்பின் சிறை வைத்தியசாலையில் இரண்டு மாதங்களளவு கிடந்தார். 1895 நவம்பரில் ரெடிங் சிறைக்கு மாற்றப்பட்டார்.

1896 பெப்ரவரியில் தாய் இறந்தார். செய்தியைச் சொல்வதற்காகவே மனைவி கொன்ஸ்டன்ஸ் இத்தாலியிலிருந்து ரெடிங் சிறைக்குப் பயணம் செய்தார். கணவனை விட்டு விலகிப் பிள்ளைகளின் பெயரையும் மாற்றியிருந்தவர், அந்தச் செய்தியை அவர் அந்நியர் வாயால் கேட்கக்கூடாது என்று நினைத்தார். தாயின் மரணச்சடங்குக்குப் போக முடியாதவர்கள் எங்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பயணத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியும்.

அந்த ஆண்டு யூலையில் உள்துறை அமைச்சருக்கு வைல்ட் ஒரு மனு எழுதினார். அதில் தன் காதைப் பற்றியும் முறையிட்டார். வலது காதில் கட்டு உண்டாகிச் செவிப்பறை துளைபட்டுவிட்டது, கேட்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது, சிறையில் சரியான சிகிச்சை இல்லை என்பது அவருடைய முறைப்பாடு. செவிடாகிவிடுவேனோ, பார்வை போய்விடுமோ, புத்தி பேதலித்துவிடுமோ என்று அஞ்சினார். விடுதலை கிடைக்கவில்லை. கேட்டதில் புத்தகங்களும் எழுதுபொருட்களும் மட்டும் ஓரளவு கிடைத்தன. ஐரோப்பாவின் சிறந்த காது வைத்தியர்களில் ஒருவருக்குப் பிறந்த மகன், தன் காதைப் பார்க்க ஒரு நிபுணரை அனுப்பச் சொல்லிக் கேட்கும் நிலையில் இருந்தார்.

பொய்ப் பெயரில் ஒரு வாழ்க்கை

1897 மே 19ஆம் திகதி விடுதலையானார். அன்று இரவே கப்பலேறி பிரான்சின் தியெப் துறைமுகத்துக்குப் போனார். அதன்பிறகு பிரித்தானிய மண்ணையோ அயர்லாந்தையோ அவர் மிதிக்கவில்லை. செபஸ்தியன் மெல்மொத் என்ற பெயரை அப்போதுதான் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் ஹொலண்ட் என்ற வேறொரு குடும்பப் பெயரில் வளர்ந்தார்கள். அவர்களை அவர் மறுபடி பார்க்கவேயில்லை. 1898 ஏப்ரலில் கொன்ஸ்டன்ஸ் இத்தாலியின் ஜெனோவா நகரில் சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்தார்.

வெளிநாட்டில் இருந்துகொண்டும் இரண்டு நல்ல காரியங்களை அவர் செய்தார். சிறையில் அடைபட்டிருந்த சிறுபிள்ளைகளின் நிலையைப் பற்றியும் சிறைகளைச் சீர்திருத்த வேண்டியதைப் பற்றியும் லண்டன் பத்திரிகைக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். ரெடிங் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியை வைத்து நெடுங்கவிதை ஒன்றை எழுதி 1898இல் வெளியிட்டார். அட்டையில் அவர் பெயர் இல்லை, சி.3.3 என்ற சிறை அறை எண்ணே ஆசிரியர் பெயராக இருந்தது. அதன்பின் அவரால் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. விடுதி விட்டு விடுதி மாறி, நண்பர்களிடம் கடன் வாங்கி, குடித்து, நாட்களைக் கடத்தினார். அல்சாஸ் விடுதியின் உரிமையாளர் துப்வாரியே கணக்குப் பார்க்காமல் தங்கவிட்டார். அந்தக் கடனை நண்பர் ரொபர்ட் றொஸ் பின்னாளில் அடைத்தார்.

1900ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் காது மோசமாகியது. ஒக்டோபர் 10ஆம் திகதி அந்த விடுதி அறையிலேயே காதில் சத்திரசிகிச்சை நடந்தது. நாளும் கட்டு மாற்றப்பட்டது. மாத இறுதியில் எழுந்து வெளியே நடக்கவும் செய்தார். நவம்பரில் மறுபடி படுக்கையில் விழுந்தார். தலைவலி, காய்ச்சல், பின்னர் பிதற்றல். நவம்பர் 27ஆம் திகதி இரு வைத்தியர்கள் ஒரு குறிப்பில் கையெழுத்திட்டார்கள். பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றுவந்த வலது காதின் பழைய சீழ்நோயிலிருந்து மூளைப் பாதிப்பு உண்டாகியிருக்கிறது, இது மூளையையும் அதன் உறையையும் பற்றிய அழற்சி என்பதில் ஐயமில்லை என்பது அதன் பொருள். நோய் மூளையின் எந்த இடத்தில் என்று குறிப்பாகக் காட்டும் அடையாளம் இல்லாததால், மண்டையோட்டைத் திறக்கும் சிகிச்சையை அவர்கள் எடுக்கவில்லை. 29ஆம் திகதி றொஸ் ஓர் அயர்லாந்துப் பாதிரியாரை அழைத்துவந்து அவரைக் கத்தோலிக்க சமயத்தில் சேர்ப்பித்தார். மறுநாள் பிற்பகல் எல்லாம் முடிந்தது.

மூளையுறைக்கு நெருப்பு எங்கிருந்து வருகிறது?

எங்கள் மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. அவற்றுக்கிடையே தெளிந்த நீர் ஓடுகிறது. இந்த உறைகளில் அழற்சி ஏற்படுவதே மெனிஞ்சைட்டிஸ். அது ஒரு நோயின் பெயர் என்பதைவிட, பல காரணங்கள் வந்து சேரும் ஒரு முடிவின் பெயர் என்று சொல்வது பொருத்தம்.

கிருமியால் வருபவை ஒரு பக்கம். பக்டீரியா கிருமிகளில் நிமோகொக்கஸ், மெனிங்கோகொக்கஸ், ஹீமோபிலஸ் முதலியவை மிக ஆபத்தானவை. சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியவை. வைரசால் வருவது அதைவிட அதிகம் காணப்படுவது. பெரும்பாலும் தானே மாறிவிடும். காசநோய்க் கிருமி மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் தாக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை சில பூஞ்சைகளும் தாக்கும்.

கிருமியே இல்லாமல் வருபவை மறுபக்கம். எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் இபுபுரோபென் போன்ற வலிநிவாரணிகளும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் அரிதாகச் சிலருக்கு இந்த அழற்சியை உண்டாக்கும். லூபஸ் போன்ற, உடல் தன்னையே தாக்கும் நோய்களால் வரலாம். புற்றுநோய்க் கலங்கள் மூளையுறைக்குப் பரவுவதால் வரலாம். மூளையைச் சுற்றி இரத்தம் கசிவதாலும் வரலாம். வெளியே தெரியும் குறிகள் ஒன்றுபோல இருக்கும். கொடுக்கவேண்டிய சிகிச்சையோ முற்றிலும் வேறு. அதனால்தான் வைத்தியர்கள் முதுகில் ஊசி போட்டு முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த முறையை ஜெர்மனியில் குவின்கே என்ற வைத்தியர் 1891இல்தான் அறிமுகம் செய்திருந்தார்.

இனி வைல்டின் காது. நெடுநாள் சீழ் பிடித்த நடுக்காதில் சிலருக்குத் தோல் உள்நோக்கி வளர்ந்து ஒரு பைபோலத் திரண்டுவிடும். அது புற்றுநோய் அல்ல. ஆனால் அருகிலுள்ள எலும்பை மெல்ல அரித்துக்கொண்டே போகும். நடுக்காதுக்கும் மூளைக்கும் இடையில் இருப்பது தாள்போன்ற மெல்லிய எலும்புத் தகடு. அது அரிபட்டால் சீழிலுள்ள கிருமிகள் நேரே மூளையுறைக்குப் போகும். சத்திரசிகிச்சை அன்று ஓரளவு உதவியது. ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். நோயாளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது 1940களில். அதுவரை காதிலிருந்து மூளையுறைக்குச் சீழ் ஏறினால் அநேகமாக மரணந்தான்.

காரணமும் பழியும்

அவர் இறந்தவுடனேயே சிக்கல் தொடங்கியது. பொய்ப் பெயரில் விடுதியில் தங்குவது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம். இறப்பைப் பதிவதற்கு வந்த வட்டார வைத்தியர், வைத்தியர்கள் கையெழுத்திட்ட சான்றுகளை ஏற்க மறுத்து, இது தற்கொலையா கொலையா என்று கேட்டார். உடலைப் பிரேத அறைக்குக் கொண்டுபோகும் நிலை வந்தது. றொஸ் அங்குமிங்கும் ஓடி, கெஞ்சி, பணமும் கொடுத்துத்தான் அடக்கம் செய்யும் அனுமதியை வாங்கினார். கடதாசி இல்லாமல், வேறு பெயரில் வாழ்ந்து இறந்த எம்மவரின் உடலை அடக்கம் செய்ய அலைந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

பிறகு பழி வந்தது. 1912இல் ஆர்தர் ரான்சம் என்பவர் எழுதிய நூலில், வைல்டின் மரணத்துக்கு மேகநோய் எனப்படும் சிபிலிஸ் காரணமென்ற கூற்று அச்சேறியது. 1987இல் வெளிவந்த ரிச்சர்ட் எல்மனின் பெரிய வாழ்க்கை வரலாறும் அதையே உறுதியாகச் சொன்னது. சிபிலிஸ் மூளையுறையைத் தாக்கக்கூடிய கிருமிநோய் என்பது உண்மைதான். ஆகவே கதை நம்பும்படியாக இருந்தது. சிறைக்குப் போன மனிதருக்கு அந்த நோய் பொருத்தம் என்று உலகமும் நினைத்தது.

வைல்ட் இறந்து நூறு ஆண்டுகள் நிறைந்த 2000 நவம்பரில், தென்னாபிரிக்க வைத்தியர்கள் அஷ்லி ரொபின்சும் ஷோன் செல்லர்சும் லான்செட் மருத்துவ இதழில் ஆதாரங்களை எடை போட்டு எழுதினார்கள். சிபிலிஸ் மூளையைத் தாக்கி மரணம்வரை கொண்டுபோகும்போது பொதுவாக நெடுநாள் அறிவுத் தடுமாற்றமும் நரம்புத் தளர்ச்சியும் தெரியும். வைல்டோ இறுதி வாரங்கள்வரை தெளிவாகப் பேசினார், சிந்தித்தார். நெடுநாள் காதுச் சீழ், கேள்விக் குறைவு, காதுச் சத்திரசிகிச்சை, அதன்பின் சில வாரங்களில் வந்த காய்ச்சலும் பிதற்றலும் எல்லாம் ஒரே பாதையைக் காட்டின. அவர்கள் வந்த முடிவு 1900இல் அந்த இரு வைத்தியர்கள் எழுதிய முடிவேதான். காதிலிருந்து பரவிய மெனிஞ்சைட்டிஸ்.

குடியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதிகக் குடி உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், நோயை மோசமாக்கும். ஆனால் குடி தானாகவே மூளையுறைக்குச் சீழைக் கொண்டுபோவதில்லை. குடித்தார், ஆகவே செத்தார் என்று சொல்லி முடித்தால் காது மறைந்துவிடுகிறது. சிறையில் பார்க்கப்படாமல் விடப்பட்ட காதும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. பழியைக் காரணமாக எழுதினால், பொறுப்பாளிகள் தப்பிவிடுகிறார்கள்.

எங்களுக்கு இதில் என்ன?

எங்கள் சமூகத்திலும் தனியறையில் ஒருவர் இறந்தால், குடி என்றோ கவலை என்றோ வேறு ஏதோ என்றோ பேச்சு வருகிறது. வருத்தம் வந்தால் வெளியில் சொல்வதில்லை. வைத்தியரிடம் போனாலும் மொழி தடையாகிறது. பிள்ளையை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு பாதியைச் சொல்லாமல் விடுகிறோம். விசா இல்லாதவர்கள் வைத்தியசாலைப் பக்கமே போகப் பயப்படுகிறார்கள். மெனிஞ்சைட்டிஸ் அந்தத் தயக்கத்துக்கு நேரம் தராத நோய்.

கடுமையான தலைவலியோடு காய்ச்சல், கழுத்தை முன்னே குனிய முடியாத விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு ஆகியவற்றில் சில சேர்ந்து வந்தாலே காத்திருக்கக் கூடாது. எல்லாம் சேரும்வரை பார்த்திருக்க வேண்டாம். கைக்குழந்தைகளில் கழுத்து விறைப்புத் தெரியாமலிருக்கலாம். பால் குடிக்க மறுப்பது, வழமைக்கு மாறான வீறிட்ட அழுகை, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது ஆகியவை அடையாளங்கள். கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் வந்தால் அது மிக அவசரம். எங்கள் நிறத் தோலில் அவை எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்பக்கம் ஆகியவற்றில் பார்க்க வேண்டும். புள்ளிகள் இல்லை என்பதற்காக இது மெனிஞ்சைட்டிஸ் இல்லை என்றும் எண்ணிவிடக்கூடாது. ஐரோப்பிய நாடுகளில் 112, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000 என்ற இலக்கங்களை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் வாழும் நாட்டின் அட்டவணைப்படி போடும் தடுப்பூசிகளில் மெனிஞ்சைட்டிஸை உண்டாக்கும் முக்கிய பக்டீரியாக்களுக்கு எதிரானவையும் உண்டு. அவற்றைத் தவறவிடக்கூடாது.

காதைப் பற்றியும் சொல்லவேண்டும். காது வடிந்தால் உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய் விடுவது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம். செவிப்பறை துளைபட்டிருந்தால் அந்த எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போகும். சீழ் வடியும் காதுக்கு வைத்தியரே வழி. வலி நின்றுவிட்டது என்பதற்காகக் காது சுகமாகிவிட்டது என்று கருதக்கூடாது. வில்லியம் வைல்ட் 1853இல் எழுதிய எச்சரிக்கை இன்றும் அப்படியே பொருந்துகிறது. இன்று எங்களுக்கு மருந்தும் சத்திரசிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவருடைய மகனுக்கு இருக்கவில்லை.

ஒஸ்கார் வைல்டின் உடல் முதலில் பாரிஸுக்கு வெளியே பான்யோ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. 1909இல் றொஸ் அதை பெர் லாஷேஸ் இடுகாட்டுக்கு மாற்றினார். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் செதுக்கிய சிறகுள்ள பெரிய உருவம் அதன்மேல் நிற்கிறது. றொஸ் இறந்தபின் அவருடைய சாம்பலும் 1950இல் அதே கல்லறையில் வைக்கப்பட்டது. எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெற்றோ ஏறினால், மாறாமலே பெர் லாஷேஸில் இறங்கலாம். வருபவர்கள் முத்தமிட்டு உதட்டுச்சாயம் பூசியதில் கல் பழுதானதால் 2011இல் சுற்றிக் கண்ணாடி அடைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் கல்லில் வெட்டியிருப்பது செபஸ்தியன் மெல்மொத் என்ற பெயரல்ல. தாயும் தந்தையும் டப்ளினில் அவருக்கு வைத்த பெயர்.